விண்டோஸை அழிப்பதற்கு முன்: லினக்ஸ் டச்ஸ்கிரீனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் லேப்டாப் பழுது பார்க்கும் எனக்கு, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரே மாதிரி வேலை வரும். கேரள அரசுப் பள்ளிகளில் ஐடி பாடம் லினக்ஸில்தான். 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஐசிடி என்ற அந்த ஐடி பாடப் புத்தகமும் தமிழிலேயே கிடைக்கிறது. அதனால் இங்கே எட்டாம் வகுப்புப் பையன்கூடப் பென்டிரைவை வைத்து உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றிவிடுவான். அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அப்பா கோவையில் வாங்கிவந்த பழைய டச் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, "அக்கா, எல்லாம் ஓடுதுங்க, டச் மட்டும் இல்லீங்க" என்று வந்து நிற்பான். எட்டு வருடத்துக்கு முன் நான் எதைச் செய்தேனோ அதையே அவனும் செய்திருப்பான்.

டிரைவரைத் தேடி அலைவது

விண்டோஸ் பழக்கம் இது. லினக்ஸில் டச்சை இயக்கும் மென்பொருளான டிரைவர் பெரும்பாலும் கர்னல் என்ற லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது டச்ஸ்கிரீன்களை ஹெச்ஐடி என்ற பொது முறைக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதனால் நமக்கும் வேலை எளிதானது. ஹெச்ஐடி மல்டிடச் என்ற ஒரே மாட்யூல் (கர்னலில் சேரும் டிரைவர் துண்டு) பலவகை டச்ஸ்கிரீன்களை ஓட்டுகிறது.

ஆகவே முதலில் எதையும் இறக்காதீர்கள். கர்னல் உங்கள் டச்சைப் பார்த்ததா என்று, கர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் தேடுங்கள். டச், மவுஸ் போன்றவற்றைக் கையாளும் லிப்இன்புட் காட்டும் சாதனப் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்து, தொடுதலை எண்களாகக் காட்டும் எவ்டெஸ்ட் கட்டளையை ஓட்டித் திரையில் விரல் வைக்கும்போது எண்களும் ஓடினால், டிரைவர் சரியாக இருக்கிறது, கோளாறு வேறிடத்தில். பெயரே இல்லையென்றால் பயாஸில் டச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்பில் யாராவது டிஸ்ப்ளே மாற்றியிருந்தால் டச் கேபிளைச் சரியாகச் செருகாமலே மூடியிருப்பார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

டிஸ்க்கை முழுதாக அழிப்பது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

கீபோர்டைக் கழற்றி டேப்லெட் போல வைத்துக்கொள்ளும் விலை மலிவான லேப்டாப்கள் பலவற்றில் சைலீட் என்ற டச் சிப் இருக்கும். சிப்பை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அந்தச் சிப்புக்குள் நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் டிரைவர்தான் அதை உள்ளே ஏற்ற வேண்டும். அதோடு அந்த ஃபர்ம்வேர் கண்ணாடியின் அளவையும் வயரிங்கையும் பொறுத்தது. சிப் எண் ஒன்றாக இருந்தாலும் இந்த மாடலின் ஃபர்ம்வேர் அந்த மாடலுக்கு ஆகாது. லினக்ஸ் கர்னலில் சைலீட் டிரைவர் இருக்கிறது. பல மாடல்களுக்கு ஃபர்ம்வேர் இல்லை. அது எங்கே இருக்கும்? நீங்கள் அழிக்கப்போகிற விண்டோஸின் டிரைவர் ஃபைலுக்குள்.

எனக்கு அப்போது இது தெரியாது. வாடிக்கையாளர் ஒருவரின் பத்து இன்ச் லேப்டாப்பில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டேன். நிறுவி முடித்துப் பார்த்தால் டச் இல்லை. ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை, எரர் மைனஸ் 2 என்று கர்னல் தெளிவாகச் சொல்லியிருந்தது. அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. வேறொரு மாடலின் ஃபர்ம்வேரை எடுத்துப் போட்டேன். இடது மேல் மூலையைத் தொட்டால் வலது கீழே அழுந்தியது. கண்ணாடி போய்விட்டது என்று முடிவுகட்டி, கோவையிலிருந்து 3,200 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி வரவழைத்து, ஒரு மதியம் முழுக்க ஹாட் ஏர் பிடித்துப் பழையதைப் பெயர்த்தேன். புதியதும் அதேபோலத்தான் தொட்டது. கண்ணாடியில் கோளாறே இருந்ததில்லை. தயாரித்தவர்களின் தளத்திலும் அந்த மாடலின் டிரைவரை எடுத்துவிட்டிருந்தார்கள். கண்ணாடிப் பணம் என் கையிலிருந்து போனது. டச் இல்லாமலே அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் தடுத்திருக்கலாம். விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே பிஎன்பியூடில் கட்டளையின் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதியால் எல்லா டிரைவர்களையும் ஒரு ஃபோல்டரில் இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். பிறகு புதிய கர்னல் உள்ள லினக்ஸை நிறுவாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். தெரிந்த மாடல்களின் திரை அளவு, எந்த அச்சு தலைகீழ் என்ற விவரங்கள் கர்னலிலேயே ஒரு பட்டியலாக இருக்கின்றன. சில மாடல்களில், லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான யூஇஎஃப்ஐக்குள் இருக்கும் ஃபர்ம்வேரைக் கர்னலே எடுத்துக்கொள்ளும். அப்படியும் நடக்கவில்லையென்றால், சேமித்த டிரைவர் ஃபைலிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்து, லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குள் சைலீட் என்ற துணை ஃபோல்டரில், கர்னல் கேட்கும் அதே பெயரில் வைக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் எடுக்காது.

இந்த ஜூனில் கோபாலபுரத்துப் பையன் ஒருவனும் அழித்துவிட்டுத்தான் வந்தான். "வேற யாராவது இதே மாடல் வாங்கினாங்களா தம்பி?" என்று கேட்டேன். "மாமா பொண்ணுகிட்ட இருக்குதுங்கக்கா. அது இன்னும் விண்டோஸ்தானுங்க" என்றான். மறுநாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். அதிலிருந்து எடுத்த ஃபர்ம்வேரில் சாயங்காலத்துக்குள் டச் வந்துவிட்டது. அந்த ஃபர்ம்வேரை மாடல் எண் போட்ட ஒரு ஃபோல்டரில் நானும் நகல் வைத்திருக்கிறேன்.

கிடைத்த மாட்யூலைக் கம்பைல் செய்து போடுவது

அப்படிப் போட்ட மாட்யூல் அடுத்த கர்னல் அப்டேட்டில் காணாமல் போகும். போட்டே ஆகவேண்டுமென்றால், புதிய கர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலைத் தானாகக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள்.

செக்யூர் பூட்டை மறப்பது

நம்பகமான மென்பொருளை மட்டும் இயங்கவிடும் இந்தப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், டிஜிட்டல் கையெழுத்திடாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. மாட்யூலில் கையெழுத்திட்ட சாவியைப் பதிவு செய்ய மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வரும். வைரஸ் என்று பயந்து அதை மூடிவிடாதீர்கள்.

பழைய எக்ஸ் கட்டளைகளை வேலண்டில் தட்டுவது

திரையையும் டச்சையும் கையாளும் பழைய அமைப்பு எக்ஸ், புதியது வேலண்ட். உபுண்டுவில் 21.04 முதல் வேலண்ட்தான் இயல்பாக வருகிறது. எக்ஸ்இன்புட் கட்டளையால் டச்சைத் திருப்பச் சொல்லும் பழைய குறிப்புகள் அங்கே பலிக்காது. அளவுத்திருத்தத்தை, சாதனங்களுக்கான அமைப்புகளை வைக்கும் யூடெவ் விதியில், லிப்இன்புட்டின் கேலிபிரேஷன் மேட்ரிக்ஸாக எழுதுங்கள். அது இரண்டிலும் ஓடும்.

புரொஜெக்டர் மாட்டியதும் டச் விலகுகிறதா?

எக்ஸில் இரண்டாவது திரை வந்ததும் டச் இரண்டு திரைக்குமாகப் பரவிவிடும். டிரைவரைத் தொடாதீர்கள். எக்ஸ்இன்புட்டின் மேப் டு அவுட்புட்டில் லேப்டாப் திரையின் பெயரைக் கொடுத்தால் போதும்.