செம்பனைத் தோட்டத்தில் திசை தவறாமலிருக்க
மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடித்து, நண்பர்களுடன் சுண்ணாம்புப் பாறை ஏறச் செல்வோர், பாறையை அடையுமுன்பே செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைகளுக்குள் எளிதில் குழம்பிவிடுவர். மரங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்பட்டிருப்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சிதான். ஆயினும் அந்த ஒழுங்கையே அளவுகோலாகக் கொள்ளலாம்: ஒரே நிரையில் 11 மரங்களைக் கடந்தால் ஏறக்குறைய 100 மீட்டர், அதாவது 1:10,000 வரைபடத்தில் 1 சென்டிமீட்டர். திசைகாட்டியைக் கைப்பேசியுடன் ஒரே சட்டைப்பையில் வைக்க வேண்டாம்; முள் விலகிவிடும் (நான் அப்படித்தான் ஒருமுறை புறப்பட்ட செம்மண் சாலைக்கே திரும்பி வந்தேன்). பிற்பகல் மழைக்கு முன்பே பாறையிலிருந்து இறங்கிவிடுங்கள். ஏறுமுன் பாறையேற்ற இடுப்புவாரில் கயிற்றை இணைக்கும் எட்டு வடிவ முடிச்சை, கட்டியவரல்லாத மற்றொருவர் இழுத்துப் பார்க்கட்டும்.