ஏ.ஐ.க்கு முன்னால் டெக்கைக் கவனியுங்கள்: பழைய வீடியோ கேசட்டுகளைப் புதுப்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருக்கும் பழைய கல்யாண கேசட்டைத் தெளிவாக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் முதலில் கேட்பது, "எந்த ஏ.ஐ. மென்பொருள் நல்லது?" என்பதுதான். டோபாஸ் வாங்கலாமா, இலவசமாகக் கிடைக்கும் ரியல்-இஎஸ்ஆர்கான் போதுமா, எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பாழான வீடியோக்களில் பெரும்பாலானவை ஏ.ஐ.யிடம் போவதற்கு முன்பே பாழாகிவிட்டவை. நாடாவிலிருந்து கணினிக்கு வரும் வழியில் தொலைந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. தொலைந்த இடத்தில் அது வேறொன்றை வரைந்து வைக்கும். வரைந்தது பார்க்க அழகாக இருப்பதால், தொலைந்தது என்னவென்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

முதலில் நாடா. பரணில் இருபது, முப்பது ஆண்டுகள் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் டெக்கில், அதாவது அதை ஓட்டும் வி.சி.ஆர். கருவியில், போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடிப் பக்கம் வழியாகச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ மெல்லிய படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் இது மிகவும் சாதாரணம். அந்த நாடாவை ஓட்டினால் பூஞ்சை டெக்கின் ஹெட்டில் (நாடாவில் இருப்பதைப் படிக்கும் பகுதி) ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் பரவும். நாடாவே அறுந்துபோகவும் கூடும். அத்தகைய கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது. நல்ல நிலையில் இருக்கும் கேசட்டுக்கும் இரண்டு வேலைகள் உண்டு. அதன் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாராவது ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு முழு நாடாவையும் ஒருமுறை முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். பல ஆண்டுகளாக ஒரே நிலையில் இறுகிக்கிடந்த சுருள் சீராகும்.

டெக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கிடைப்பதெல்லாம் பழைய இயந்திரங்கள்தான், அவற்றிலும் ஹெட் தேயாத ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். மென்பொருள் சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள். முடிந்தால், படத்தின் வரிகளை நேராக்கும் டைம் பேஸ் கரெக்டர் உள்ளே அமைந்த எஸ்-வி.எச்.எஸ். (சாதாரண வி.எச்.எஸ். கேசட் முறையின் மேம்பட்ட வகை) டெக்காகப் பாருங்கள். நாடா சற்று இழுபட்டிருந்தாலோ டெக்கின் வேகம் சீராக இல்லாவிட்டாலோ, படத்தின் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கும். நேராக நிற்க வேண்டிய மண்டபத்துத் தூண் நெளிவது இதனால்தான். இந்த நெளிவை ஏ.ஐ. சரிசெய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை.

அதற்குக் காரணம் இந்தக் கருவிகள் கற்றுக்கொண்ட முறையிலேயே இருக்கிறது. தெளிவான படங்களை எடுத்து, அவற்றைச் செயற்கையாக மங்கலாக்கி, இரைச்சல் சேர்த்து, சுருக்கிக் கெடுத்து, கெட்டதிலிருந்து நல்லதை ஊகிக்கும்படி பயிற்சி கொடுக்கிறார்கள். வரிவரியாக நெளிவது, நிறம் பக்கவாட்டில் வழிவது, ஹெட் நாடாவைச் சரியாகப் பின்தொடராதபோது வரும் டிராக்கிங் கோடு, படத்தின் அடியில் ஹெட் மாறும் இடத்தில் தெரியும் கலங்கல் ஆகியவை வீடியோ நாடாவுக்கே உரிய நோய்கள். பொதுவான பயிற்சிப் பாடத்தில் இவற்றுக்கு இடம் குறைவு. அதனால் மென்பொருள் நெளிந்த தூணை நெளிந்த தூணாகவே ஏற்று, அதன் விளிம்பை மட்டும் கூர்மையாக்கித் தரும்.

அடுத்தது கேப்சர், அதாவது நாடாவில் இருப்பதைக் கணினியில் கோப்பாக ஏற்றுவது. தொலைக்காட்சியில் ஓடவிட்டு அதைக் கைபேசியில் படமெடுப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுவது ஏ.வி. கம்பியை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டிகளில். "1080" என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அந்தப் பெட்டி உள்ளே என்ன செய்கிறது? வரிகளைத் தன் போக்கில் கலந்து, படத்தைப் பெரிதாக்கி, பல நேரங்களில் நொடிக்கு 50 அசைவுகளை 60 ஆக இழுத்து அனுப்புகிறது. இந்த மூன்றையும் பிறகு திருப்பி எடுக்க முடியாது. நமக்குத் தேவை நாடாவில் இருப்பதை இருக்கிறபடி, 720×576 அளவில், வரிப் பின்னலோடு (ஒற்றை, இரட்டை வரிகள் பின்னியபடியே) தருகிற யு.எஸ்.பி. கேப்சர் கருவி. சேமிக்கும் வடிவமும் இழப்பில்லாததாக இருக்கட்டும். ஆவணக் காப்பகங்கள் நம்பிப் பயன்படுத்தும் எஃப்.எஃப்.வி.1 இதற்கு ஏற்றது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜி.பி. எடுக்கும். பெரிதுதான், ஆனால் ஹார்ட் டிஸ்க் மலிந்த காலம் இது. 2000களில் கடையில் கொடுத்து டி.வி.டி. ஆக்கிவைத்தவர்கள், கேசட் இன்னும் கையில் இருந்தால் டி.வி.டி.யை விட்டுவிட்டு கேசட்டிலிருந்தே மறுபடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து எதையும் தொடங்காதீர்கள்.

மினி டி.வி. (MiniDV) கேசட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. மஞ்சள், வெள்ளை, சிவப்பு கம்பி வழியாக எடுத்தால் அதை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறீர்கள். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கம்பி வழியாக எடுத்தால் நாடாவில் இருக்கும் அதே தரவு அப்படியே இறங்கும், மணிக்கு 13 ஜி.பி. அளவில்.

ஐம்பது கணங்களில் பாதியைத் தூக்கியெறிவது

மிகப் பெரிய இழப்பு நேர்வது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்ட பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளால் ஆனது: ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் மறு பாதி. கேமராவில் எடுத்த வீடியோவில் இந்த இரண்டு பாதிகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கடந்திருக்கும். அதாவது, உங்கள் கேசட்டில் ஒரு நொடிக்கு 50 தனித்தனிக் கணங்கள் பதிவாகியிருக்கின்றன.

இதைப் பிரிக்காமல் நேரடியாக ஏ.ஐ.யிடம் கொடுத்தால், கையசைக்கும் இடங்களில் விளிம்புகள் சீப்புப் பற்களாகத் தெரியும். மென்பொருள் அந்தப் பற்களையே உண்மையான விவரம் என்று எண்ணிச் செதுக்கிவிடும். பிறகு அவற்றை நீக்க வழியில்லை. இன்னொரு தவறு இதைவிட நயமானது. வரிப் பின்னலைப் பிரிக்கும் 'டீஇன்டர்லேஸ்' என்ற பொத்தானை அழுத்தி 25 பிரேமாக மாற்றுகிறார்கள். அங்கே பாதிக் கணங்கள் குப்பைக்குப் போகின்றன. பார்த்தால் அசைவு வெட்டி வெட்டி வருகிறது. உடனே ஏ.ஐ. வழியாக இடைப் பிரேம்களைச் சேர்த்து 60 ஆக்குகிறார்கள். நாடாவில் இருந்த உண்மையான கணங்களை எறிந்துவிட்டு, அவற்றின் இடத்தில் கற்பனையான கணங்களைப் பணம் கொடுத்து வாங்கும் வேலை இது. அக்கா தாலி கட்டிக்கொண்டு நிமிர்ந்த அசைவு கேசட்டில் முழுமையாக இருக்கிறது. அதைக் கணினி ஊகித்துத் தரத் தேவையே இல்லை.

செய்ய வேண்டியது, 50 பாதிகளையும் 50 முழுப் பிரேம்களாக விரிப்பது. இதற்கு இன்றும் நான் முதலில் பரிந்துரைப்பது க்யூ.டி.ஜி.எம்.சி. என்ற இலவச முறையைத்தான். 'ஹைப்ரிட்' என்ற இலவச மென்பொருளில் அது உள்ளடங்கியிருப்பதால் கட்டளைகள் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை. கட்டளைகளால் இயக்கும் எஃப்.எஃப்.எம்பெக் மென்பொருள் தெரிந்தவர்களுக்கு பி.டபிள்யூ.டிஃப் வேகமான மாற்று. எந்தப் பாதி முதலில் வருகிறது என்பதையும் சரிபாருங்கள். அனலாக் பால் கேப்சரில் பொதுவாக மேல் வரி முதலில் வரும், மினி டி.வி.யின் டி.வி. (DV) வடிவத்தில் கீழ் வரி முதலில் வரும். மாற்றிக் கொடுத்துவிட்டால் நடப்பவர் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாகத் துடிப்பார்.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் கேசட்டுகளில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அந்தக் காலத்துத் தொலைக்காட்சி முறைகளில் இலங்கையும் பிரிட்டனும் ஜெர்மனியும் பால், கனடா என்.டி.எஸ்.சி. (நொடிக்கு ஏறத்தாழ 60 கணங்கள்), பிரான்ஸ் சேகாம். யாழ்ப்பாணத்திலிருந்து டொரன்டோவுக்குப் போன கல்யாண கேசட் அங்கே பார்ப்பதற்காக மாற்றிப் பிரதியெடுக்கப்பட்டிருந்தால், 50 கணங்களை ஏறத்தாழ 60 ஆக்கியபோது அடுத்தடுத்த கணங்கள் ஒன்றோடொன்று குழைக்கப்பட்டிருக்கும். அசைபவரைச் சுற்றி இரட்டை உருவம் தெரிவது அதன் அடையாளம். இந்தப் பிரதியோடு மாதக் கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட, ஊரிலோ இன்னொரு நாட்டிலோ உறவினரிடம் மாற்றப்படாத பால் கேசட் இருக்கிறதா என்று விசாரிப்பது பலன் தரும்.

4கே என்ற ஆசையும் முகங்களும்

720×576 என்பது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். அதை 4:3 வடிவம் மாறாமல் 4கே உயரத்துக்குக் கொண்டுபோனால் 2880×2160, அதாவது சுமார் 62 லட்சம். பதினைந்து மடங்கு. திரையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பதினைந்து புள்ளிகளில் பதினான்கு மென்பொருளின் ஊகம். அந்த ஒரு புள்ளியும் முழு உண்மை அல்ல, ஏனென்றால் வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்டத் தெளிவே சுமார் 240 வரிகள்தான். நிறத்தின் விவரம் அதைவிடவும் பல மடங்கு குறைவு. பட்டுப்புடவையின் ஜரிகை நாடாவில் ஏறவே இல்லை, ஏ.ஐ. காட்டும் ஜரிகை வேறு ஏதோ புடவையின் ஜரிகை. 1440×1080 போதும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய தொலைக்காட்சியில் அது நன்றாகவே இருக்கும்.

புடவையில் நேரும் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். முகத்தில் நேர்வதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்ற கருவியிடம், அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கிய பராக் ஒபாமாவின் படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. முகம் தீட்டும் கருவிகள் அதன்பின் வெகுவாக முன்னேறியிருக்கின்றன, ஆனால் அடிப்படை மாறவில்லை: விவரம் இல்லாத இடத்தை, பயிற்சியில் பார்த்த முகங்களைக் கொண்டு நிரப்புகின்றன. குழுப் படத்தில் இருபது புள்ளி அகலத்தில் நிற்கும் பாட்டியின் மூக்குத்தி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. மென்பொருளுக்கு அது இரைச்சல், துடைத்துவிடும். கன்னச் சுருக்கம் வழவழப்பாகும், நெற்றியில் விபூதிக் கோடுகள் கலைந்துபோகும். நமக்கு அந்த முகம் நினைவிருப்பதால் ஏதோ சரியில்லை என்று உணர்வோம். பாட்டியை நேரில் பார்த்திராத பேரப்பிள்ளைக்கு அதுவே பாட்டியின் முகமாகிவிடும். மங்கலாக இருந்தாலும் பாட்டியே இருக்கட்டும்.

ஆகவே முகம் தீட்டும் வசதியைத் தொலைவுக் காட்சிகளில் அணைத்துவிடுங்கள். அருகிலிருந்து எடுத்த காட்சிகளில் மட்டும், குறைந்த அளவில் பயன்படுத்துங்கள். முகம் தீட்டும் கருவியான கோட்ஃபார்மரில் மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அளவுகோல் இருக்கிறது, அதை மூலத்தின் பக்கம் தள்ளிவையுங்கள். டோபாஸில் மூல விவரத்தைத் திரும்பக் கொண்டுவரும் அமைப்பு உண்டு, அதையும் ஏற்றுங்கள். எளிமையாகப் பெரிதாக்கிய மூல வீடியோவை ஏ.ஐ. வடிவத்தின் மேல் பாதி அடர்த்தியில் வைத்துக் கலப்பது இன்னொரு நல்ல வழி. மெழுகுப் பூச்சு போய், தோலுக்கு உயிர் திரும்பும். ஒற்றைப் படங்களுக்காகச் செய்யப்பட்ட ரியல்-இஎஸ்ஆர்கான் போன்றவற்றை வீடியோவுக்கு ஓட்டும்போது ஒவ்வொரு பிரேமையும் அவை தனியாக ஊகிப்பதால், புருவமும் கோலமும் பிரேமுக்குப் பிரேம் துள்ளும். நின்ற படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். முழுக் கேசட்டையும் இரவு முழுக்க ஓட்டுவதற்கு முன், இருட்டு, கூட்டம், வேக அசைவு, அருகில் ஒரு முகம் என நான்கு சிறு துண்டுகளில் சோதித்துவிடுங்கள். குடும்ப வீடியோவைப் பெயர் தெரியாத இலவசத் தளங்களில் ஏற்றவே வேண்டாம்.

சில சிறு விஷயங்கள். 720×576 படத்தின் புள்ளிகள் சதுரமல்ல. 4:3 என்று சொல்லாமல் பெரிதாக்கினால் எல்லோரும் மெலிந்து தெரிவார்கள், அகலத் திரைக்கு இழுத்தால் எல்லோரும் பருத்துவிடுவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய வீடியோவின் நிறக் கணக்கு 601 என்ற தரம், எச்.டி.யின் கணக்கு 709; மாற்றும்போது இதைக் குறிப்பிடத் தவறினால் குங்குமத்தின் சிவப்பும் வாழையிலையின் பச்சையும் பிசகும். கேப்சரின்போதே வெளிச்ச அளவையும் கவனியுங்கள். வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி ஒரேயடியாக வெளுத்துப் பதிவானால் அதன் மடிப்புகள் திரும்பி வராது.

ஒலியைப் பலர் மறந்தே போகிறார்கள், அல்லது பேச்சுக்காகச் செய்யப்பட்ட இரைச்சல் நீக்கியை அதன்மேல் ஏவிவிடுகிறார்கள். அந்தக் கருவிக்கு மனிதப் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். கெட்டிமேளம், நாகசுரம், கூட்டத்தின் சலசலப்பு, சமையல்கட்டுப் பாத்திர ஓசை எல்லாம் போய், வெறுமையில் மிதக்கும் சில குரல்கள் மிஞ்சும். நாடாவின் சீறலை மட்டும் மெல்லக் குறைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஏ.ஐ. செய்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு முதல் கேப்சரை அழித்துவிடாதீர்கள். முதல் கேப்சருக்கு இரண்டு பிரதிகள், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். ஏ.ஐ. வடிவத்தின் கோப்புப் பெயரிலேயே எந்த மென்பொருள், எந்த மாடல் என்று எழுதிவையுங்கள்; எது பதிவு, எது ஊகம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். கேசட்டையும் தூக்கிப்போட வேண்டாம். டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் மூல சிக்னலையே பதிவு செய்து கணினியில் படமாக்கும் வி.எச்.எஸ்.-டிகோட் என்ற திறந்த மூலத் திட்டம் வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று யு.எஸ்.பி. கருவி தருவதைவிட நல்ல படத்தை அதே நாடாவிலிருந்து பிறகு எடுக்க வழியிருக்கிறது. முழுவதும் பின்னோட்டிய கேசட்டை உறையில் போட்டு, புத்தகம் போல் நிமிர்த்தி, பரணில் அல்லாமல் வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள்.