தொண்டூழியக் குழுவை விட்டு விலகும்போது யாரையும் நட்டாற்றில் விடாதீர்கள்

விதி எல்லாருக்கும் பொது என்று எழுதி வைத்துவிட்டு, ஆளைப் பார்த்து நியாயம் பேசும் இடத்தில் தொண்டூழியம் செய்ய எனக்கு மனசு ஒப்பவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழ் ஊழியர்களுக்கு உதவும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது இல்லை. இதே மனநிலையில் இருப்பவர்களுக்காக, எப்படி விலகலாம் என்று எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். குழுவில் விளம்பரம் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை நீக்கம். துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் ஒரு தம்பி, தன் பழைய கைப்பேசியை விற்க இரண்டாவது தடவையாகப் படம் போட்டார். அன்று ராத்திரியே நீக்கிவிட்டார்கள். மூத்த பொறுப்பாளர் ஒருவரின் மைத்துனரோ விமான டிக்கெட் விளம்பரத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "நம்ம ஆளுதானேம்மா, விடுங்க" என்று பதில்.

கோபத்தில் உடனே வெளியேறாதீர்கள். முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: தேதி, மீறப்பட்ட விதி, யார் மீறினார், என்ன நடவடிக்கை. ஒரே விதி, ஒரே மீறல், வேறு வேறு தீர்ப்பு என்று இருப்பவற்றை மட்டும் எழுதினால் போதும். ஒருமுறை நடந்தது என்றால் அன்று யாரும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். சலுகை திரும்பத் திரும்ப அதே ஆட்களுக்கே போகிறது என்றால் அது பாரபட்சம்தான்.

அப்புறம், பொறுப்பாளர்களிடம் மட்டும், எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று வந்து நிற்கும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "இந்த இரண்டு பேரும் ஒரே விதியைத்தான் மீறினார்கள். ஒருவரை நீக்கினோம், ஒருவரை விட்டுவிட்டோம். விதியை எல்லாருக்கும் தளர்த்துவோமா, இல்லை எல்லாருக்கும் ஒரேமாதிரி அமல்படுத்துவோமா? வரும் ஞாயிறுக்குள் முடிவு சொல்லுங்கள்." இரண்டில் எதைச் செய்தாலும் நான் இருந்திருப்பேன். பதில் வரவில்லை. மன்னிப்பை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி முக்கியமான வேலை. உங்களை நம்பி இருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். எங்கள் குழுவில் அது பெரும்பாலும் சம்பளப் பிரச்சினை. சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணமும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால், வேலையில் இருப்பவர் பிரச்சினை எழுந்த 1 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்தான். இந்தக் கெடு நீங்கள் விலகிவிட்டீர்கள் என்பதற்காக நிற்காது. "அக்கா பார்த்துக்கொள்வார்" என்று ஒருவர் சும்மா இருந்துவிட்டால் அவருடைய பணம் போய்விடும். அதனால் வேலையை விட்டவர்களின் பெயர்களை முதலில் எடுங்கள். ஒவ்வொருவரையும் நீங்களே அழைத்து, கெடு எந்தத் தேதியில் முடிகிறது, இனி யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். வேலைத் தளத்தில் நின்றுகொண்டு கேட்டது மறந்துவிடும். உங்கள் இடத்துக்கு வருபவரிடம் விவரம் கொடுக்குமுன் அந்த ஊழியரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

நம் கைப்பேசியில் அவர்களுடைய சம்பளச் சீட்டும் வேலை அனுமதி அட்டையும் படமாகக் கிடக்கும். உரையாடலை அழித்தால் மட்டும் போதாது. படத்தொகுப்பிலும் கூகுள் போட்டோஸிலும் தேடி அழித்துவிடுங்கள். அங்கே குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை இருக்கும், அதையும் காலி செய்யுங்கள். கூகுள் ஷீட் உங்கள் பெயரில் இருந்தால் உரிமையை மாற்றிக் கொடுங்கள். மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் மாறும், அதுவரை விலகாதீர்கள். குழுவுக்கு நீங்கள் ஒருவர் மட்டுமே அட்மின் என்றால், நம்பிக்கையான ஒருவரை முதலில் அட்மின் ஆக்குங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பே யாரையாவது ஆக்கிவிடும்.

விடைபெறும் செய்தி கட்டாயம் எழுதுங்கள். 2022 முதல், ஒருவர் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது. சொல்லாமல் போனால் ஊழியர்கள் நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்துக் கேள்வி போட்டுக்கொண்டிருப்பார்கள். செய்தியில் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்: "விதிகள் எல்லாருக்கும் ஒரேமாதிரி அமல்படுத்தப்படாததால் விலகுகிறேன்." பெயர்கள் வேண்டாம். மைத்துனர் கதையெல்லாம் அங்கே எழுதினால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போய்விடும், சம்பளம் வராதவரின் கேள்வி அடியில் போய்விடும். உங்களோடு வெளியேறச் சொல்லி யாரையும் இழுக்காதீர்கள். அந்தக் குழுவில் பலருக்கு இன்னும் உதவி கிடைக்கிறது.

நீக்கப்பட்டவரை மறக்காதீர்கள். துவாஸ் தம்பிக்கு நான் தனியாகச் செய்தி அனுப்பினேன். தன்னை ஏன் நீக்கினார்கள் என்றே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. விவரத்தைச் சொன்னேன். அவருக்கும் ஓவர்டைம் பணம் பாக்கி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

விலகிய பிறகும் அழைப்புகள் வரும். எடுங்கள். வழக்கை நீங்களே தூக்கிச் சுமக்காமல், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டருக்கோ, அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து 2017-இல் தொடங்கிய, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் அமைப்புக்கோ அனுப்பி வையுங்கள். சம்பளப் புகாரை டிஏடிஎம் இணையத்தளத்திலேயே பதியலாம். ஆங்கிலம் தெரியாதவர் என்றால், அவர் பதிவு செய்து முடிக்கும்வரை வீடியோ அழைப்பில் கூடவே இருங்கள்.