பழைய 5.1 சிஸ்டத்தைப் புதிய கணினியோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் வாங்கிய நல்ல 5.1 ரிசீவரும் (ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஸ்பீக்கர்களும் இன்றைக்கும் அருமையாகப் பாடும். காந்தம், செம்புச் சுருள், காகிதக் கூம்பு என்று ஸ்பீக்கருக்குள் இருப்பவை அன்றைக்குச் செய்த வேலையைத்தான் இன்றைக்கும் செய்கின்றன. மாறிப்போனது கணினியின் பின்பக்கம். இது தெரியாமல், "புது கம்ப்யூட்டருக்கு இது ஒத்துவராது" என்று பழையதை எடைக்குப் போட்டுவிட்டு, அதைவிடச் சுமாரான ஒரு சவுண்ட்பாரை வாங்கி வைப்பவர்கள் நிறைய. பண இழப்பைப் பார்த்தால் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

மற்ற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. எந்த ஓட்டையில் எந்த பின் நுழையும் என்று பார்க்கிறோம். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமாக ஆறு சேனல்; அந்த ஆறு சேனல் ஒலியைப் பிரித்துக் கொடுக்கப்போவது கணினியா, பழைய சிஸ்டமா என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு விடை தெரிந்துவிட்டால் என்ன கேபிள் என்பது தானாகவே தெரியும்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் கடைக்குப் போவது

சென்னை ரிச்சி தெருவில் போய் "5.1 கன்வெர்ட்டர்" என்று கேட்டால் கையில் ஏதோ ஒரு பெட்டி கிடைத்துவிடும். அது உங்கள் சிஸ்டத்துக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. முதலில் சிஸ்டத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவிடி பிளேயர் உள்ளேயே இருக்கும் ஹோம் தியேட்டர் என்றால், பல மாடல்களில் வெளியிலிருந்து ஒலியை வாங்க சிவப்பு-வெள்ளை ஆக்ஸ் இன் மட்டுமே இருக்கும். டால்பி என்ற சுருக்கிய ஒலி வடிவத்தைச் சேனல் சேனலாகப் பிரிக்கும் டிகோடர் அதற்குள் இருந்தாலும், அது தன் தட்டில் சுழலும் டிஸ்க்குக்கு மட்டும்தான் வேலை செய்யும். எந்தப் பெட்டியை நடுவில் வைத்தாலும் அங்கே ஸ்டீரியோதான் போகும். ஆப்டிகல் இன் (ஒலியை வெளிச்சமாக வாங்கும் ஜாக்) இருக்கிறதா என்று ஒருமுறை நன்றாகத் தேடுங்கள். இல்லையென்றால் செலவு செய்யாமல் ஸ்டீரியோவாகவே இணையுங்கள்.

மூன்று 3.5 மி.மீ. பின்கள் கொண்ட கணினி 5.1 ஸ்பீக்கர்களும், ஆறு ஆர்சிஏ ஜாக் வைத்து அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களும் இன்னொரு வகை. தனியாக டிகோடர் போர்டு சேர்க்காதவரை இவற்றுக்குப் பிரிக்கத் தெரியாது, பெருக்க மட்டுமே தெரியும். அப்போது பிரிக்கும் வேலை முழுக்க கணினியுடையது. ஆப்டிகல், கோஆக்சியல் ஜாக்கும் முகப்பில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் முத்திரையும் உள்ள ரிசீவர்கள் மூன்றாவது வகை. 2004-இல் வந்த லாஜிடெக் இசட்-5500-உம் இந்த வகைதான். இவை தாமே பிரித்துக்கொள்ளும்.

ஆப்டிகல் போட்டால் எல்லாமே 5.1 ஆகிவிடும் என்று நம்புவது

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். ஆப்டிகலும் கோஆக்சியலும் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஒலி முறையைச் சேர்ந்தவை. அதில் சுருக்கப்படாத ஒலிக்கு இரண்டு சேனல்களுக்குத்தான் இடம். ஆறு சேனல் போக வேண்டுமானால், டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அந்த இரண்டு சேனல் இடத்துக்குள் அடைத்து அனுப்ப வேண்டும். டிவிடியில் ஒலி ஏற்கெனவே அப்படிச் சுருங்கித்தான் இருக்கிறது, அதனால் அப்படியே கடந்து போகும். ஒரு கேம் ஆறு சேனலையும் அந்தந்த நொடியில் உருவாக்குகிறது. அதை யாராவது உடனுக்குடன் சுருக்கிக் கொடுத்தால்தான் ஆப்டிகல் வழியே போகும். விண்டோஸ் தானாக அதைச் செய்யாது.

விண்டோஸில் எஸ்பிடிஐஎஃப் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்தால், ஸ்பீக்கரை 5.1 என்று அமைக்கும் பொத்தான் பொதுவாக மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். ட்ரைவர் கோளாறு என்று நினைத்து விண்டோஸையே அழித்துப் போட்டவர்கள் உண்டு. கோளாறு எதுவும் இல்லை, அந்த வழியின் அளவே அவ்வளவுதான். அதே ஜாக்கின் பிராப்பர்ட்டீஸில் எந்தெந்த வடிவங்களை ரிசீவர் ஏற்கும் என்ற பட்டியல் இருக்கும். டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் டிக் செய்து அங்கேயே டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ரிசீவர் முகப்பில் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று இருந்தது மாறி டால்பி டிஜிட்டல் என்று எரிந்தால், கேபிளும் ஜாக்கும் நலம்.

கேமுக்கு 5.1 வேண்டுமென்றால், ஆறு சேனலையும் உடனுக்குடன் சுருக்கும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் உள்ள மதர்போர்டோ சவுண்ட் கார்டோ தேவை. 2001-இலேயே என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட்டில் இருந்த வசதி இது. இன்றைய போர்டுகள் பலவற்றில் இல்லாதது வருத்தமான விஷயம், ஆகவே வாங்குமுன் பெயரைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சுருக்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிப்பதால் வெடிச்சத்தம் படத்துக்கு ஒரு கணம் பின்னால் வருவது போலத் தோன்றலாம். வேகமான கேம் விளையாடுபவருக்கு அது உறுத்தும்.

படம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். இன்றைய ஸ்ட்ரீமிங் சேவைகள் பெரிதும் பயன்படுத்துவது டால்பி டிஜிட்டல் பிளஸ். ப்ளூ-ரே டிஸ்க்குகளில் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ. இவை மூன்றும் ஆப்டிகல் வழியே போகாது. முழு ட்ரூஎச்டி கேட்கலாம் என்று இதற்காகத் தங்கமுலாம் பூசிய விலை உயர்ந்த ஆப்டிகல் கேபிள் வாங்குவது வீண், உள்ளே போவது வெளிச்சம்தான்.

கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி உண்டு. அமைப்புகளில் பாஸ்த்ரூவை (சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) ஆன் செய்து, டால்பி டிஜிட்டல் ஏற்கும் ரிசீவர் என்பதையும், டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்கோடிங்கையும் தேர்ந்தெடுங்கள். சேனல் எண்ணிக்கையை மட்டும் 2.0 என்றே விட வேண்டும். சிஸ்டம் 5.1 ஆயிற்றே என்று பலரும் அங்கே 5.1 போட்டுவிடுவார்கள், டிரான்ஸ்கோடிங் நடக்காது, பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். ஆப்டிகலைப் பொறுத்தவரை அது இரண்டு சேனல் வழி என்பதைத்தான் அந்த 2.0 சொல்கிறது.

பாஸ்த்ரூ ஓடும்போது கணினியின் வால்யூம் வேலை செய்யாது, ரிசீவரில்தான் ஏற்ற இறக்க வேண்டும். சத்தமே வராமல் முனை சரியாக உட்காராவிட்டால், புது ஆப்டிகல் கேபிளின் நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம்.

ஒரே பச்சை ஜாக்கை மூன்றாகப் பிரிப்பது

அனலாக் வழியில் மூன்று ஜாக்குகள்: பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும். லேப்டாப்பில் ஒரே ஜாக்தான் இருக்கிறது என்று ஒய்-கேபிள் வாங்கி அதை மூன்றாகப் பிரித்தால், ஒரே ஸ்டீரியோ மூன்று இடத்திலும் ஒலிக்கும். சென்டரில் வசனம் தனியாக வராது. லேப்டாப்புக்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவதே வழி. ஆனால் "7.1" என்று எழுதி, ஒரு பச்சையும் ஒரு ரோஸ் ஜாக்கும் மட்டும் உள்ள குட்டிக் கார்டுகள் வெறும் ஸ்டீரியோ. ஆறு சேனலுக்குக் குறைந்தது மூன்று அவுட்புட் ஜாக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

டெஸ்க்டாப்பில் மொத்தமே மூன்று ஜாக் இருந்தால் பல ரியல்டெக் போர்டுகளில் நீலம் பின் ஸ்பீக்கராகவும், ரோஸ் சென்டர்-சப்பாகவும் மாறிக்கொள்ளும். ஆடியோ பேனலில் 5.1 தேர்ந்தெடுத்தால் போதும். வசனம் சப்வூஃபரிலிருந்து குமுறலாக வந்தால் சென்டரும் சப்பும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டு ஆர்சிஏ பின்களை மாற்றிக் குத்துங்கள், அல்லது ட்ரைவரில் இரண்டையும் மாற்றும் டிக் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய ரிசீவரின் ஆறு ஜாக் இன்புட்டுக்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலான மாடல்களில் அங்கே வரும் ஒலி ரிசீவரின் டிஜிட்டல் பகுதியைத் தொடாமல் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும். சின்ன ஸ்பீக்கரிலிருந்து கனமான ஒலியைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் வேலையை அங்கே யாரும் செய்வதில்லை. படத்தில் அதிர்ந்த சப்வூஃபர் பாட்டு போட்டதும் தூங்கிவிடுவது இதனால்தான். கணினியில் ஸ்பீக்கர் அமைப்பில் முழு அலைவரிசை ஸ்பீக்கர் என்ற டிக்கை எடுத்துவிட்டு, ட்ரைவரில் பாஸ் மேனேஜ்மென்ட் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். படத்திலும் சப் மெலிந்து ஒலித்தால், ரிசீவரில் சப் அளவை 10 டெசிபெல் வரை உயர்த்திப் பார்க்கலாம். படங்களில் சப்வூஃபர் சேனலை அந்த அளவுக்குக் கூட்டி ஒலிக்க வேண்டும் என்பதே முறை. பல ரிசீவர்களின் அனலாக் இன்புட் அதைச் செய்வதில்லை.

எச்டிஎம்ஐ இருக்கும் ரிசீவரை வீணாக்குவது

ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்து, அது ஒலியையும் எடுத்துக்கொள்ளும் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஆரம்ப கால ரிசீவர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ படத்தை டிவிக்கு மாற்றிவிட மட்டுமே, கையேட்டில் பாருங்கள். ஒலியை ஏற்குமானால் பாஸ்த்ரூவைத் தொடாதீர்கள். விண்டோஸில் 5.1 என்று அமைத்து, டிகோட் செய்யும் வேலையைக் கணினிக்கே விடுங்கள். ட்ரூஎச்டியோ, டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸோ, கேமோ எதுவானாலும் கணினி பிரித்து, சாதாரண பிசிஎம்மாக ஆறு சேனலையும் அனுப்பும். புதிய வடிவம் எதையும் கேள்விப்பட்டிராத ரிசீவர் அதைத் தயக்கமில்லாமல் வாசிக்கும்.

4கே மானிட்டரை இந்த ரிசீவர் வழியாக இணைக்காதீர்கள். படம் 1080பி-க்கு இறங்கிவிடும். எச்டிசிபி 2.2 என்ற நகல் பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாததால் 4கே ஸ்ட்ரீமிங்கும் மறுக்கப்படலாம். கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஒரு கேபிள் மானிட்டருக்கும், இன்னொன்று ரிசீவருக்கும் போகட்டும். விண்டோஸ் ரிசீவரை இரண்டாவது மானிட்டராக நினைத்துக்கொள்ளும். டியூப்ளிகேட் வைத்தால் இரண்டும் குறைந்த அளவுக்கு இறங்கும், எனவே எக்ஸ்டெண்ட் வைத்து, அந்தப் பொய் மானிட்டரை மூலைக்குத் தள்ளிவிடுங்கள். மவுஸ் தவறி அங்கே போகாது.

ரிசீவரில் எச்டிஎம்ஐ இல்லை என்று, கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து ஒலியை எடுத்துத் தரும் எக்ஸ்ட்ராக்டர் பெட்டி வாங்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சாதாரண எக்ஸ்ட்ராக்டர் ஒலியைப் பிரித்தெடுக்குமே தவிர, சுருக்காது. ஆறு சேனல் பிசிஎம் அதற்குள் போனால் ஆப்டிகலில் ஸ்டீரியோ வரும், அல்லது ஒன்றுமே வராது.

இரைச்சலுக்கு எர்த்தைக் கழற்றுவது

சார்ஜர் போட்டால் "ம்ம்" என்ற இரைச்சல், எடுத்தால் அமைதி. அனலாக் இணைப்பில் இது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒலிக் கேபிளும் சேர்ந்து உண்டாக்கும் சுற்று. சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்தோ எர்த் ஒயரைக் கழற்றியோ இதைத் "தீர்க்கிறார்கள்". தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பது அந்த ஒயர்தான். கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போட்டுப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி ஒயரையும் கழற்றிச் சோதியுங்கள். அப்புறமும் போகவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம். ஆப்டிகல் இணைப்பில் உலோகத் தொடர்பே கிடையாது என்பதால் அந்த வழியாக இந்த இரைச்சல் வராது.

ஆர்சிஏ பின்னை ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது குத்தாதீர்கள், ஸ்பீக்கருக்கு அடி. பரணிலிருந்து இறக்கிய சிஸ்டம் என்றால் ஸ்பீக்கர் விளிம்பின் ஃபோம் உதிர்கிறதா, சிவப்பு-கறுப்பு ஒயர்கள் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

யூடியூப் பாட்டில் பின் ஸ்பீக்கரைத் தேடுவது

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்று கேபிளைப் பிடுங்குமுன், ஓடுவது என்ன என்று பாருங்கள். யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலானவையும், நாம் கேட்கும் பழைய பாடல்கள் ஏறக்குறைய எல்லாமும் ஸ்டீரியோ அல்லது மோனோ. அங்கே ரிசீவரின் டால்பி ப்ரோ லாஜிக் 2-ஐ ஆன் செய்யுங்கள். 2000-இல் வந்த இந்த நுட்பம் ஸ்டீரியோவை ஐந்து ஸ்பீக்கருக்கும் அளவோடு பரப்பும். படத்துக்கு மூவி, பாட்டுக்கு மியூசிக் என்று இரண்டு முறைகள் அதில் உண்டு. ஆக்ஸ் இன் மட்டுமே உள்ள ஹோம் தியேட்டர் பலவற்றின் ரிமோட்டிலும் இதே பொத்தான் இருக்கும்.