கொப்பியில் பிழை இருக்கட்டும்: ஆரம்பப் பிரிவு வீட்டுவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலையில் என் மேசையில் கொப்பிகள் அடுக்கடுக்காக வந்து சேரும். எல்லாம் வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்ட வார வீட்டுவேலை. 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்ன கணக்கு, அநேகமாக எல்லாக் கொப்பியிலும் 25 என்று சரியாகவே இருக்கும். சரி, விளங்கிவிட்டது என்று நினைத்து, கரும்பலகையில் 63 இலிருந்து 28 ஐக் கழிக்கச் சொல்வேன். ஏழெட்டுப் பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள்.

அந்த 45 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்றினிடத்தில் மேலே 3, கீழே 8. மூன்றிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5 என்று போட்டுவிடுகிறது. பத்தினிடத்தில் 6 இலிருந்து 2 போக 4. இது கவனக்குறைவு இல்லை. பிள்ளை யோசித்துத்தான் செய்திருக்கிறது, யோசித்த வழி மட்டும் தவறு. அந்த வழி திங்கட்கிழமைக் கொப்பியிலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கே ஈர்க்குக் கட்டுகளை எடுத்துவைத்துத் திருப்பிச் சொல்லிக்கொடுத்திருப்பேன். தெரியவில்லை. ஞாயிறு இரவு யாரோ அழிறப்பரால் அழித்துச் சரியான விடையை எழுதவைத்துவிட்டார்கள்.

கொழும்பில் பல வருடங்களாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். வீட்டில் நடக்கிற தவறுகளில் பெரியது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். பிள்ளையின் பிழையைப் பெற்றோர் திருத்தி, அதைச் சுத்தமான கொப்பியாக அனுப்புவது. அன்பால்தான் செய்கிறார்கள், பிள்ளை வகுப்பில் வெட்கப்படக்கூடாது என்று. ஆனால் கொப்பியைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று நாங்கள் முடிவெடுக்கிறோம். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம், பிள்ளை பின்னால் நின்றுவிடும்.

அப்படியென்றால் பேசாமல் இருப்பதா என்று கேட்பீர்கள். "இந்த விடை எப்படி வந்தது, அம்மாவுக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே சில பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டால் அப்படியே விடுங்கள். பக்கத்தில் பென்சிலால், "இதைத் தனியாகச் செய்தாள், ஒன்றினிடத்தில் தடுமாறுகிறாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஆசிரியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

இதோடு சேர்ந்து வருவது, நாம் படித்த முறையைப் பிள்ளைக்குத் திணிப்பது. நம்மில் பலர் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லித்தான் கழித்தல் படித்தோம். இப்போது பாடசாலையில் இனமாற்றம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். 52 என்றால் ஐந்து பத்துக் கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு ஈர்க்கும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கில் இரண்டு போக இரண்டு. பிள்ளை கையால் கட்டைப் பிரித்துப் பார்க்கிறது, பத்து ஒன்றுகள் சேர்ந்ததுதான் ஒரு பத்து என்பது அப்போதுதான் மனதில் நிற்கிறது. கடன் வாங்குகிற கதையில் இது விளங்காது. வாங்கிய கடனை ஏன் திருப்பிக் கொடுப்பதில்லை என்று ஒரு பெடியன் என்னிடம் கேட்டான், நியாயமான கேள்வி. அதைவிட 300 இலிருந்து 124 ஐக் கழிக்கும்போது பக்கத்து வீட்டிலும் பூச்சியம், அங்கே போய் எதை வாங்குவது? டீச்சர் ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி என்றால் பிள்ளை இரண்டையும் கலந்து குழம்பிப்போகும். முதலில் பாடநூலையும் வகுப்புக் கொப்பியையும் புரட்டிப் பாருங்கள். விளங்காவிட்டால் "டீச்சர் எப்படிச் செய்தவர், எனக்கும் காட்டு" என்று பிள்ளையிடமே கேட்கலாம். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குப் பாடம் இரண்டு தடவை பதியும்.

அடுத்தது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம். இங்கேதான் பெற்றோரின் கை அதிகமாக ஓடுகிறது. வீடு ஒன்றின் மாதிரி செய்துவரச் சொன்னால் கட்டடக்கலைஞர் செய்ததைப் போல ஒன்று வந்து நிற்கும். படம் சேகரிக்கச் சொன்னால் காலி வீதிக் கடை எதிலாவது கலர் பிரிண்ட் எடுத்து, பிரிஸ்டல் போர்டில் அளவாக வெட்டி ஒட்டிய ஒப்படை வரும். பிள்ளையிடம் "இது என்ன?" என்று கேட்டால் தெரியாது. தீப்பெட்டியிலும் பால்மாப் பெட்டியிலும் தானே செய்த கோணல் வீட்டைக் கொண்டுவந்த பிள்ளை அதை மேசைக்கடியில் ஒளித்துவைக்கும். எனக்கு மனம் தாங்காத இடம் அது. சரிந்துபோன கூரையை நிமிர்த்த அந்தப் பிள்ளை எத்தனை தடவை கம் பூசியிருக்கும் என்று கூரையைப் பார்த்தாலே தெரியும். அந்த வேலைதான் பாடம்.

இலை சேகரிக்கச் சொன்னால் "பிளாட்டில் இருக்கிறோம், மரத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கிற அம்மாமார் உண்டு. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் மரம் இருக்கிறது, கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலிலும் இருக்கிறது. நேரம் கிடைத்தால் விகாரமகாதேவி பூங்காவுக்கு ஒரு மாலை கூட்டிக்கொண்டு போங்கள். கீழே விழுந்த இலை போதும், பறிக்கத் தேவையில்லை.

நாள் பிடிக்கிற வேலையைக் கடைசி இரவுக்கு வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. பயறு முளைக்கவைத்துக் கொண்டுவரச் சொன்னால், ஓர் இரவு ஊறவேண்டும், முளை தெரிய இன்னும் ஒன்றிரண்டு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கினால் திங்கட்கிழமை முளையோடு வரலாம். ஞாயிறு இரவு தான் ஞாபகம் வந்தால் சந்தையில் வாங்கிய முளைப்பயறுதான் வரும், பிள்ளை எதையும் பார்த்திருக்காது. வெள்ளிக்கிழமை வேனிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்து, இந்த வாரம் எதற்கு நாள் பிடிக்கும் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எழுத்துவேலையைச் சனிக்கிழமை காலைக்கு வைக்கலாம், தூங்கி எழுந்த பிள்ளை அரை மணியில் முடித்துவிடும்.

ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொடுப்பது இன்னொன்று. வசதியான வழிதான். ஆனால் தமிழில் ஒரு ககரம், ஒரு டகரம், ஒரு பகரம்தான், அழுத்திச் சொன்னாலும் மென்மையாகச் சொன்னாலும் அதே எழுத்து. ஆங்கிலத்தில் கிரிக்கெட் மட்டைக்குரிய சொல்லையும் 'கெட்டது' என்பதற்குரிய சொல்லையும் 'பேட்' என்றே எழுதவேண்டி வரும். சிங்களத்திலும் இந்த ஒலிகளுக்கு வெவ்வேறு எழுத்துகள் இருக்கின்றன. பிள்ளை தமிழ் எழுத்தையே பார்த்து வாசிக்கப் பழகினால் அந்த மொழியின் எழுத்து கண்ணில் படவே படாது. சொல்லைச் சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள். உங்களுக்குச் சிங்களம் வராவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவையோ கடை அண்ணாவையோ சொல்லிக்காட்டச் சொல்லலாம். கொழும்பில் இருப்பதால் நமக்குக் கிடைத்திருக்கிற வசதி இது.

சொல்வதெழுதுதலிலும் இதே சிக்கல் வேறு விதமாக வரும். ழகரத்தை ளகரமாகச் சொல்கிற வீட்டில் பிள்ளை 'மளை' என்றுதான் எழுதும். கேட்டதை எழுதியிருக்கிறது, அதற்கு ஏசாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பிள்ளையின் கொப்பியைப் படமெடுத்துப் போட்டு, மற்றவர்கள் பார்த்து எழுதுவதையும் நிறுத்த வேண்டும். வராத பிள்ளைக்குக் கேள்வியை மட்டும் அனுப்பினால் போதும்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். "மற்ற வகுப்பில் நிறையக் கொடுக்கிறார்கள், நீங்கள் ஏன் குறைவாகக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிற பெற்றோரை ஒவ்வொரு தவணையும் சந்திக்கிறேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர், வீட்டுவேலை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வெளியிட்டார். மேல் வகுப்புகளில் வீட்டுவேலைக்கும் கல்வி அடைவுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது, சிறு வகுப்புகளில் அந்தத் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. அங்கே ஆசிரியர்கள் பின்பற்றுகிற ஒரு கணக்கு, ஒரு நாளைக்குத் தரத்துக்குப் பத்து நிமிடம். தரம் 1 என்றால் பத்து, தரம் 3 என்றால் முப்பது. நம் நாட்டிலும் 1999 இல் தொடங்கிய ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. செயற்பாடும் எழுத்துவேலையும் அதற்குப் பிறகுதான். அந்த வயதுப் பிள்ளையைக் காலையில் ஆறு மணிக்கு வேனில் ஏற்றி, பின்னேரம் டியூசனுக்கு விட்டு, இரவு எட்டு மணிக்கு மூன்று பக்கம் எழுதவைத்தால் எழுத்தைக் கண்டாலே வெறுப்புத்தான் வரும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துத் தரம் 2 இலேயே வினாத்தாள் வாங்கிக்கொடுப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, அந்த நேரத்தில் ஒரு கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுங்கள் என்பதைத்தான்.

முடியாமல் போன வேலையை மறைப்பதும் வேண்டாம். போன வருடம் பயறு முளைக்கவைத்த கிழமையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய பயறு முளைக்கவில்லை, அழுகி நாற்றமெடுத்திருந்தது. அம்மா கடையில் வாங்கித் தருவதாகச் சொல்லியும் கேட்காமல் அந்தக் கிண்ணத்தையே கொண்டுவந்திருந்தாள். பஞ்சு முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருந்தது. அதையும் பயறு முளைத்திருந்த இன்னொரு கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்து, என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். தண்ணீர் கூடிப்போனதைக் கண்டுபிடித்தார்கள். விதைக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும் என்ற இடத்துக்குப் பேச்சு போனது. அன்றைய பாடம் முழுவதும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான் நடந்தது. மணி அடித்த பிறகு அவள் அதைக் கழுவிக்கொண்டு வந்து, "டீச்சர், இந்த முறை கொஞ்சமாகத் தண்ணி விட்டுத் திரும்ப வைக்கட்டா?" என்று கேட்டாள்.