புது லெகோ செட்டில் ஒரு துண்டைக் காணோமா? தேடுவதிலிருந்து வரவழைப்பது வரை

மூன்றாம் எண் பையில் பாதி கட்டியாயிற்று. கட்டும் முறை காட்டும் புத்தகம் ஒரு கருஞ்சாம்பல் நிற 2×3 பிளேட் கேட்கிறது, அதாவது மேலே இரண்டு வரிசையில் மும்மூன்று குமிழ் உள்ள மெல்லிய துண்டு. மேஜையில் அது இல்லை, பையை உதறிப் பார்த்தாலும் இல்லை. "பேக் பண்ணும்போதே போட மறந்துட்டாங்க" என்றுதான் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும். அப்படி நடப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது அபூர்வம். காணாமல் போன துண்டு பெரும்பாலும் நீங்கள் ஏற்கனவே கட்டி முடித்த பகுதிக்குள்ளேயே வேறொரு துண்டின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் தேடலைத் தரையில் தொடங்காமல் மாடலில் தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த விளக்கமும் அதே வரிசையில்தான் போகிறது.

லெகோவை வைத்தே சொல்கிறேன். மற்ற கம்பெனி செட்டுகளுக்கும் தேடும் முறை இதேதான். துண்டு வரவழைக்கும் வழி மட்டும் மாறும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: கையை நிறுத்துங்கள்

ஒரு துண்டு இல்லை என்று தெரிந்ததும் அடுத்த பையைக் கிழித்து அதில் தேடுவதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் காரியம். அதைச் செய்யாதீர்கள். பைகளுக்கு எண் போட்டிருப்பதே அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டியது அந்தந்தப் பையில் இருக்கிறது என்பதற்காகத்தான். இரண்டு பைகளைக் கலந்துவிட்டால் எது மிச்சம், எது குறை என்று கணக்கே பார்க்க முடியாது. கீழே சொல்லப்போகும் சோதனை முழுக்க அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது.

படி 2: பெட்டியையும் பைகளையும் பாருங்கள்

இதை வேகமாக முடித்துவிடலாம். ஒரே எண் போட்ட பைகள் இரண்டு மூன்று இருக்கலாம், எல்லாவற்றையும் பிரித்தீர்களா? எண் போட்ட பைக்குள் எண் இல்லாத குட்டிப் பை ஒன்று இருக்கும், பொடித் துண்டுகள் அதில்தான் வரும். அது பெரிய பையின் மூலையில் ஒட்டிக்கொண்டு காலிப் பையோடு குப்பைக்குப் போவது சகஜம். பெரிய பிளேட்டுகள், டயர்கள், நீளத் துண்டுகள் சில செட்டுகளில் எந்தப் பையிலும் சேராமல் பெட்டியின் அடியில் தனியாகக் கிடக்கும். இப்போது வரும் காகிதப் பைகளில் ஓரமடிப்பைக் கையால் தடவிப் பாருங்கள், 1×1 அளவுத் துண்டு அதற்குள் நன்றாகவே ஒளிந்துகொள்ளும்.

மாடல் முடியும்வரை பெட்டியையும் காலிப் பைகளையும் எறியாதீர்கள்.

படி 3: மிச்சம் கிடக்கும் துண்டைக் கேளுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பை எப்படி நிரம்புகிறது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையில் எந்திரம் துண்டுகளை எண்ணிப் போடும். பிறகு எடைபோட்டுச் சரிபார்ப்பார்கள். ஒரு பெரிய துண்டு குறைந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 1×1 வட்டத் துண்டு, பூ, டெக்னிக் பின் (துளையில் செருகித் துண்டுகளை இணைக்கும் குட்டி முளை) போன்றவை ஒன்று குறைந்தாலும் எடையில் தெரியாத அளவுக்கு லேசானவை. அதனால்தான் அந்தச் சின்னத் துண்டுகளில் ஒன்று கூடுதலாகவே போட்டு அனுப்புகிறார்கள். எல்லா செட்டிலும் கடைசியில் கொஞ்சம் பொடித் துண்டு மிஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். உபரியாக மிஞ்சுவது பொடித் துண்டு மட்டுமே. ஒரு 2×4 பிளேட்டோ, 1×6 பிரிக்கோ (செங்கல்போல் உயரமான துண்டு) உபரியாக வராது. அப்படிப்பட்ட ஒன்று பை முடிந்த பிறகும் மேஜையில் கிடந்தால், அது போக வேண்டிய இடத்தில் வேறு எதையோ வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த "வேறு எதையோ" என்பதுதான் இப்போது நீங்கள் தேடும் துண்டு.

மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கருஞ்சாம்பல் 2×3 இல்லை. மேஜையில் மீதி இருப்பதைப் பார்க்கிறீர்கள். அதே நிறத்தில் 2×4 ஒன்று கிடக்கிறது. இந்தப் பையின் மீதிப் படிகளைப் புரட்டினால் 2×4 எங்கும் கேட்கவில்லை. அப்படியானால் முந்தைய படி ஏதோ ஒன்றில் 2×4 வைக்க வேண்டிய இடத்தில் 2×3 போயிருக்கிறது. இனி முழு மாடலையும் பிரிக்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி, பக்க மூலையில் அந்தப் படிக்கு வேண்டிய துண்டுகளைக் காட்டும் கட்டத்தில் (துண்டுப் பெட்டி) 2×4 கருஞ்சாம்பல் காட்டியிருக்கும் படிகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடம்தான் இருக்கும். மாடலில் அந்த இடங்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், ஒன்றில் ஒரு வரிசைக் குமிழ் அளவு பள்ளம் தெரியும். மேலே வைத்த அடுத்த துண்டு அந்தப் பள்ளத்தைப் பாலம்போல் மூடிவிட்டதால்தான் கட்டும்போது அது கண்ணில் படவில்லை.

மிச்சத் துண்டு எதுவுமே இல்லையென்றால், கணக்கு வேறு மாதிரி தப்பியிருக்கலாம். துண்டுப் பெட்டியில் துண்டுக்குக் கீழே இருக்கும் 2x என்பது அந்தத் துண்டு இரண்டு வேண்டும் என்று சொல்வது. சிறு கட்டுமானத்தைச் சுற்றிய கட்டத்தில் வரும் 2x அதை முழுதாக இரண்டு முறை செய்யச் சொல்வது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு துண்டைக் கூடுதலாக எங்காவது வைத்திருப்பீர்கள்.

படி 4: மாறிப்போகும் ஜோடிகள்

சில துண்டுகள் மாறிப்போவதற்கென்றே பிறந்தவை. இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

நிறத்தில், கறுப்பும் கரும்பழுப்பும் கருநீலமும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுதான். இளஞ்சாம்பலும் கருஞ்சாம்பலும் தனித்தனியே இருந்தால் குழப்பும், பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

வடிவத்தில், சாய்ந்த இறக்கைபோன்ற பிளேட்டுகள் இடது வலது என ஜோடியாக வரும், கண்ணாடியில் பார்த்த மாதிரி. 1×2 பிளேட்டும், நடுவில் ஒற்றைக் குமிழ் வைத்த 1×2 பிளேட்டும் அடுத்த ஜோடி.

பல்சக்கரமும் கம்பியும் வைத்து அசையும் மாடல்களுக்கான டெக்னிக் செட்டில் இது இன்னும் மோசம். வரிவரியாகப் புடைப்பு உள்ள கறுப்புப் பின் இறுக்கமாக உட்காரும், வழுவழுப்பான சாம்பல் பின் சுதந்திரமாகச் சுழலும். துளைக்குள் போன பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ஓட வேண்டிய பாகம் ஓடாது. சக்கரங்களைக் கோக்கும் ஆக்சில் கம்பிகளுக்குக் கண்ணளவை நம்பவே கூடாது. புத்தகத்தில் 1:1 என்று குறித்து உண்மையான நீளத்திலேயே படம் போட்டிருப்பார்கள், கம்பியை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 5 குமிழ் நீள ஆக்சில் சுமார் 40 மில்லிமீட்டர், ஏனென்றால் குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். ஒரு குமிழ் நீளம் கூடுதலான கம்பி ஒன்று தப்பான இடத்தில் போனால் எட்டுப் பத்துப் படிகளுக்குப் பிறகுதான் முட்டும். அதுவரை சத்தம் போடாது.

படி 5: ஒட்டிக்கொண்டவை, உருண்டோடியவை

பையில் குலுங்கும்போதே துண்டுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதுண்டு. 1×1 வட்டத் துண்டு இன்னொன்றின் குமிழில் கச்சிதமாக ஏறியிருக்கும். பெரிய துண்டுகளைக் கவிழ்த்து அடிப்பக்கக் குழாய்களைப் பாருங்கள். டயருக்குள் விரலை விட்டுத் தடவுங்கள்.

தரையில் தேட, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். துண்டு சின்னதாக இருந்தாலும் நிழல் நீளமாக விழும். கம்பளம் என்றால் வாக்யூம் கிளீனர் குழாய் வாயில் ஒரு பழைய மெல்லிய காலுறையை மாட்டி உறிஞ்சினால் துண்டு துணியில் ஒட்டி நிற்கும். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையோ, எதையும் வாயில் போடும் நாயோ இருந்தால் மட்டும் இந்தப் படியை முதல் படியாக்கிக்கொள்ளுங்கள். மாடல் காத்திருக்கும்.

படி 6: துண்டின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இவ்வளவுக்கும் பிறகும் இல்லையென்றால் துண்டு நிஜமாகவே வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இனி அதன் எண் வேண்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் செட்டில் உள்ள எல்லாத் துண்டுகளும் படத்தோடு வரிசையாக இருக்கும். புத்தகம் பல என்றால் கடைசிப் புத்தகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எத்தனை என்ற கணக்கும், 6 அல்லது 7 இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் வடிவத்தையும் நிறத்தையும் சேர்த்தே குறிக்கிறது. துண்டின் அடியில் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 4 அல்லது 5 இலக்க எண் வேறு, அது வடிவத்தை மட்டும் சொல்லும். எடுத்துக்காட்டாக, 2×4 பிரிக் எந்த நிறமானாலும் அச்சு எண் 3001. சிவப்பு 2×4 என்றால் 300121, கறுப்பு என்றால் 300126. எல்லா எண்ணும் இப்படி அழகாகப் பிரியாது, 7 இலக்க எண்களில் வடிவமும் நிறமும் வெளியே தெரிவதில்லை. அதனால் ஊகிக்க வேண்டாம், பட்டியலில் உள்ளதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் உள்ள கணக்கை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். "4x" என்று இருந்தால், மாடலில் அந்தத் துண்டு எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கும் மாடலில் இருந்தால், உங்களுக்கு ஒன்று குறையவில்லை. எங்கோ ஒன்றைக் கூடுதலாக வைத்திருக்கிறீர்கள்.

புத்தகம் கிழிந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். செட் எண்ணைக் கொடுத்தால் லெகோ இணையதளத்தில் அதே புத்தகம் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கும்.

படி 7: கேட்டு வாங்குவது

புது செட்டில் வராமல்போன துண்டையோ, உடைந்து வந்த துண்டையோ லெகோ இலவசமாகவே அனுப்பும். இணையதளத்தில் வாடிக்கையாளர் சேவைப் பக்கத்துக்குப் போய், காணாத துண்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, செட் எண்ணைப் போட்டு, வரும் பட்டியலில் துண்டைச் சுட்ட வேண்டும். சிறுவர்கள் என்றால் இதைப் பெரியவர்கள் கையால் செய்யட்டும், முகவரியெல்லாம் கேட்பார்கள்.

பட்டியலில் இல்லாத சிக்கலென்றால் எழுதிக் கேட்கலாம். நீளமான வருத்தக் கடிதம் வேண்டாம். செட் எண், துண்டின் எண், எத்தனை வேண்டும், எத்தனையாவது பை, புத்தகத்தின் எந்தப் பக்கம், எந்தப் படி. இவை இருந்தால் போதும், மறுகேள்வி வராது. எண் போட்ட ஒரு பையே முழுதாக இல்லையென்றால் வந்த பைகளை வரிசையாக அடுக்கி ஒரு படம் எடுத்துச் சேருங்கள். ஆனால் பெட்டியின் முத்திரை ஏற்கனவே பிரிந்திருந்து பையும் இல்லையென்றால், அது தொழிற்சாலையைத் தாண்டிய பிறகு நடந்த வேலை. வாங்கிய இடத்தில்தான் மாற்றிக் கேட்க வேண்டும்.

பழைய செட், கைமாறி வந்த செட் என்றால் துண்டை விலைக்குத்தான் வாங்க வேண்டும். பிரிக்லிங்க் தளத்தில் அதே எண்ணைப் போட்டுத் தேடினால் தனித் துண்டு விற்பவர்கள் கிடைப்பார்கள். 2019இல் லெகோவே அந்தத் தளத்தை வாங்கிவிட்டது. மற்ற கம்பெனி செட்டுகளில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மின்னஞ்சலோ படிவமோ கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். துண்டுக்கு எண்ணே இல்லாத செட்டும் உண்டு, அப்போது புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து, துண்டை வட்டமிட்டு அனுப்புவதுதான் வழி.

படி 8: வரும்வரை என்ன செய்வது?

கட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை, மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். மூன்று பிளேட்டை அடுக்கினால் ஒரு பிரிக் உயரம்: பிளேட் 3.2 மில்லிமீட்டர், பிரிக் 9.6. 2×4 பிளேட்டுக்குப் பதில் இரண்டு 2×2 போடலாம், கீழே அல்லது மேலே வேறு துண்டு குறுக்கே பிடித்திருந்தால் மட்டும். இல்லையென்றால் அந்த இடம் கையோடு வந்துவிடும். உள்ளே மறைந்துபோகும் இடமென்றால் எந்த நிறமும் சரி. ஒரு காரியம் செய்யுங்கள், தற்காலிகத் துண்டைக் கண்ணை உறுத்தும் நிறத்தில் போடுங்கள். சாம்பல் சுவருக்குள் ஒரு ஆரஞ்சு இருந்தால் பிறகு தேட வேண்டியிராது. படி எண்ணையும் புத்தகத்திலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.

மாற்று வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. எடை தாங்கும் அடித்தளம், பல்சக்கரம் சேரும் இடம், அசையும் மூட்டு, இவற்றில் சரியான துண்டு வரும்வரை அந்தப் பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, அதோடு ஒட்டாத வேறு கட்டுமானம் இருந்தால் அதைக் கட்டுங்கள். படம் அச்சடித்த துண்டு என்றால் அதற்கு மாற்றே இல்லை, வெற்றுத் துண்டை வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

துண்டு வந்ததும் மாடலை மேலிருந்து உரிக்க ஆரம்பிக்காதீர்கள். புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே, எந்தப் பகுதி மொத்தமாகக் கழன்று வரும் என்று பாருங்கள். கூரை, பக்கச் சுவர் போன்றவை பெரும்பாலும் ஒரே பாளமாக வந்துவிடும். பெரிய செட்டுகளில் கூடவே வரும் ஆரஞ்சு நிறப் பிரிப்பானின் தட்டை முனையைத் துண்டுக்கு அடியில் கொடுத்து நெம்புங்கள், பல்லால் கடிக்க வேண்டாம். துளைக்குள் மாட்டிய பின்னையும் ஆக்சிலையும் தள்ள, அதன் கைப்பிடிப் பக்கத்திலேயே ஆக்சில் போன்ற ஒரு குட்டி முனை இருக்கிறது. சரியான துண்டை வைத்த பிறகு, கழற்றிய பாளத்தை ஒரே அமுக்காக அமுக்காமல் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, அடியில் ஒரு கை தாங்கலோடு, க்ளிக் கேட்கும்வரை வரிசையாக அழுத்திக்கொண்டு போங்கள்.