பழைய 4x4 பிக்கப்: பொலேரோ கேம்பரா, ஸீனானா?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மண் பாதைக்குப் பழைய 4x4 (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) தேடினால், மஹிந்திரா பொலேரோ கேம்பரா, டாடா ஸீனானா என்று முடிவெடுக்க முதலில் 4x4 போடும் முறையைப் பாருங்கள். கேம்பரில் கைலிவர், ஸீனானில் சுவிட்சும் மோட்டாரும். பல வருடம் 4x4 போடாமலே கிடந்தால் மோட்டார் இறுகிவிடும், டேஷ்போர்டில் 4x4 லைட் விட்டுவிட்டு எரியும். லிவரை உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார்.

சோதனையைத் தார்ச்சாலையில் செய்யாதீர்கள். காய்ந்த சாலையில் 4H-இல் (வேகமான 4x4 நிலை) திருப்பினால், முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும். உழுத நிலத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 4L (மெதுவான, இழுவை அதிகமான 4x4 நிலை) போட்டு, பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கடகடச் சத்தம் வந்தாலோ கியர் கழன்றாலோ அந்த வண்டியை விட்டுவிடலாம்.

முன், பின் அச்சுகளின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் (பல்சக்கரப் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுத்தால் பல் தேய்கிறது. நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா? மாறினால் 4x4 பாகங்களுக்குத்தான் அடி. மாங்காய் லோடு ஏற்றிய வண்டியில் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் சேஸிஸ் விரிசலைத் தேடுங்கள். வெல்டிங் தடம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

இரண்டும் தேறினால் என் ஓட்டு கேம்பருக்கு. ஓசூர், பெங்களூர் நெடுஞ்சாலை ஓட்டம்தான் அதிகமென்றால் ஸீனான். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கி என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்தபிறகே முழுப்பணம்.